டாம் ஹேடன் தெருப் போராட்டத்தை விட்டுச் சட்டமன்றத்துக்குப் போனது கொள்கையை விற்றதாகுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: 1968இல் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டை ஒட்டி நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் தடியடிக்கு நடுவே நின்றவர், அமெரிக்கா குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே வடக்கு வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குப் போய்வந்தவர், கலவரம் தூண்டியதாக ஐந்து வருடத் தண்டனை பெற்றவர், அதே ஆள் 1982இல் கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினராகி இரண்டு அவைகளிலும் சேர்த்துப் பதினெட்டு வருடம் இருந்தார் என்றால், இடையில் எங்கே மாறினார், அந்த மாற்றம் வளர்ச்சியா விலை போனதா? சிகாகோ வழக்கைப் பற்றிய ‘தி ட்ரையல் ஆஃப் தி சிகாகோ 7’ படத்தில் பார்த்த ஹேடனையும் விக்கிபீடியாவில் படித்த ஹேடனையும் ஒரே ஆளாக நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் அறுபதுகளை, குறிப்பாக மாணவர் இயக்கங்களை, கல்லூரியில் பல வருடம் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எது ஆவணத்தில் இருக்கிறது, எது என் கணிப்பு என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் படம் பற்றி ஒரு வார்த்தை. கடைசிக் காட்சியில் ஹேடன் எழுந்து வியட்நாமில் இறந்த அமெரிக்க வீரர்களின் பெயர்களை வாசிப்பார், நீதிமன்றமே எழுந்து நிற்கும். அப்படி நடக்கவில்லை. பெயர்களை வாசிக்க முயன்றவர் அவரோடு குற்றம் சாட்டப்பட்ட டேவிட் டெல்லிங்கர், அதுவும் வழக்கின் தொடக்கத்தில், போரை நிறுத்தக் கோரி நாடு முழுக்க எதிர்ப்பு நாள் அனுசரிக்கப்பட்ட 1969 அக்டோபர் 15ஆம் தேதி. தண்டனை அறிவிக்கப்பட்ட அன்று ஹேடன் பேசியது முற்றிலும் வேறு. தனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருப்பதாகச் சொன்னார். அதற்கு மத்திய அரசின் சிறை உதவ முடியாது என்று நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் சொல்ல, ஒரு புதிய உலகம் பிறப்பதையும் உங்களால் தடுக்க முடியாது என்கிற பொருளில் பதில் சொன்னார். என்னைக் கேட்டால், சினிமாக் காட்சியைவிட இந்த உரையாடல்தான் அவரைச் சரியாகக் காட்டுகிறது. முப்பது வயது ஆள், வாழ்க்கை இனி என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது, விட்டுக்கொடுக்காத வாயும் இருக்கிறது.

சரி, தொடக்கத்திலிருந்து வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி 1962க்கு முன்பே இருக்கிறது. ஹேடன் 1939 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர், டெட்ராய்ட்டை ஒட்டிய ராயல் ஓக் என்ற ஊரில் வளர்ந்தவர். அப்பா கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் கணக்கர், முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம், அவர்களுடைய பங்குக் கோயிலின் பாதிரியார் சார்லஸ் காஃப்லின். முப்பதுகளில் வானொலியில் யூத வெறுப்பைப் பரப்பிப் பெயர் கெட்டவர் அவர்தான். அந்த வீட்டிலிருந்து, அந்தக் கோயிலிலிருந்து வந்த பையன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர் நாளிதழின் ஆசிரியர் ஆகிறான். 1960 கோடையில் கலிபோர்னியா போகிறான், பெர்க்லியில் மாணவர் அரசியலைப் பார்க்கிறான், லாஸ் ஏஞ்சலஸில் கென்னடியை வேட்பாளராக அறிவித்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குச் செய்தியாளனாகப் போகிறான், மாநாட்டுக்கு வெளியே மறியல் வரிசையில் நின்ற மார்ட்டின் லூதர் கிங்கைப் பேட்டி காண்கிறான். ஒரே பயணத்தில் கட்சி மாநாடு, மறியல் வரிசை இரண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்த மனிதர் கடைசிவரை நின்றார் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் தெற்கு மாநிலங்களுக்குப் போனார். மிசிசிப்பியில் மெக்காம் என்ற ஊரில், கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையைப் பற்றி எழுதப் போன இடத்தில், அவரையும் நண்பர் பால் பாட்டரையும் காரிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள், அந்தப் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. டிசம்பரில் ஜார்ஜியாவின் அல்பனியில், ரயிலில் இனப் பிரிவினையை மீறிப் பயணம் செய்ததற்காகக் கைதானார். அந்த நாட்களில் இருந்துதான் ஒரு கொள்கை அறிக்கை எழுதும் எண்ணம் அவருக்குள் உருப்பெற்றது. 1962 ஜூனில் மிச்சிகனில் போர்ட் ஹூரான் என்ற இடத்தில், கார்த் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு முகாமில் சுமார் அறுபது பேர் கூடி, அவர் எழுதிக் கொண்டுவந்த வரைவை நாள்கணக்கில் விவாதித்துத் திருத்தினார்கள். அதுதான் போர்ட் ஹூரான் அறிக்கை. ஜனநாயக சமூகத்துக்கான மாணவர்கள் என்ற அமைப்பின் அடிப்படை ஆவணம் அது, பிறகு அந்த அமைப்புக்கு ஹேடன் ஒரு வருடம் தலைவராகவும் இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அந்த அறிக்கையில் வியட்நாம் ஏறக்குறைய இல்லை. அதன் மையம் இனப் பாகுபாடு, அணுகுண்டு, தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முடிவுகளில் சாதாரண மனிதனுக்குப் பங்கே இல்லாத நிலை, இவைதான். பங்கேற்பு ஜனநாயகம் என்ற கருத்தை ஹேடன் தன் பேராசிரியர் ஆர்னால்டு காஃப்மனிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஜனநாயகக் கட்சியை விட்டு ஓடச் சொல்லவில்லை அந்த அறிக்கை, தெற்கு மாநில இனவாதிகளைக் கட்சியிலிருந்து வெளியே தள்ளிக் கட்சியை நேர்செய்ய வேண்டும் என்றுதான் சொன்னது. ஆக, ஹேடன் கட்சி அரசியலை எதிர்த்துத் தொடங்கிப் பிறகு அதற்குள் நுழைந்தார் என்ற கதையின் முதல் பாதியே சரியில்லை.

இன்னொன்று, அவர் மாணவராக இருந்து போரை எதிர்த்தார் என்பதும் அவ்வளவு நேரான கதை இல்லை. 1965 ஏப்ரலில் அவர் அமைப்பு வாஷிங்டனில் முதல் பெரிய போர் எதிர்ப்பு ஊர்வலத்தை நடத்தியபோது, மேடையில் புகழ்பெற்ற உரையை ஆற்றியவர் மெக்காமில் அவரோடு அடி வாங்கிய பால் பாட்டர். ஹேடன் அப்போது நியூ ஜெர்சியில் நியூவர்க் நகரத்தின் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றில் வீட்டு வாடகை, எலித் தொல்லை, ஒரு தெருமுனைக்குப் போக்குவரத்து விளக்கு இதற்காகவெல்லாம் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். 1964இல் போனவர் கிட்டத்தட்ட நான்கு வருடம் அங்கேயே இருந்தார். 1967 ஜூலையில் நியூவர்க்கில் கலவரம் வெடித்து 26 பேர் இறந்தபோது, மாநில ஆளுநர் ரிச்சர்டு ஹ்யூஸ் ஆலோசனை கேட்டுக் கூப்பிட்டவர்களில் ஹேடனும் ஒருவர். தேசியக் காவல் படையைத் திரும்பப் பெறுங்கள் என்று சொன்னார், படைகளும் விலகின. ஆளுநர் அவர் சொன்னதற்காகவே விலக்கினாரா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் நின்றவனின் பேச்சு ஆட்சியாளர் அறைக்குள் எடுபடலாம் என்பதை அவர் அங்கே நேரில் பார்த்தார்.

இப்போது ஹனோய். 1965 டிசம்பரில் வரலாற்றாசிரியர்கள் ஸ்டாட்டன் லிண்ட், ஹெர்பர்ட் ஆப்தேக்கர் இருவரோடும் வடக்கு வியட்நாம் போனார், ஆப்தேக்கர் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அரசு தடைசெய்த பயணம் அது. 1967இல் மறுபடி போனார், அந்த வருட நவம்பரில் தென் வியட்நாமியக் கெரில்லாக்கள் விடுவித்த மூன்று அமெரிக்க வீரர்களைப் புனோம் பென்னில் பொறுப்பேற்று அழைத்துவந்தார். அவரைத் துரோகி என்று திட்டுபவர்கள் அந்த மூன்று பேரைப் பற்றிப் பேசுவதில்லை. அவரைப் போற்றுபவர்கள் இன்னொன்றைப் பேசுவதில்லை: வடக்கு வியட்நாமின் ஆட்சியை அவர் மிகவும் அழகுபடுத்திப் பார்த்தார், அங்கே கட்சிக்குள் இருந்த அடக்குமுறையை, சிறைப்பட்ட அமெரிக்க விமானிகள் பட்ட சித்திரவதையைப் பார்க்க மறுத்தார். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். வியட்நாம் போர் தவறு என்றுதான் என்றைக்கும் நம்புவேன், ஆனால் நான் எப்போதும் சரியாகவே இருந்தேன் என்று இனி நம்பமாட்டேன் என்பது அவருடைய நிலை. அந்தப் போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள், வியட்நாமியர் இறப்பு பல லட்சம். அதை நிறுத்தச் சொன்னவர் அடிப்படை விஷயத்தில் சரியாகத்தான் இருந்தார் என்பது என் உறுதியான கருத்து. போரை எதிர்ப்பது வேறு, எதிரணியின் ஆட்சியை மெச்சுவது வேறு என்ற கோட்டை அவர் தாண்டினார் என்பதும் அதே அளவு உறுதி.

சிகாகோ பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, படம் பார்த்துவிட்டீர்கள். மனதில் வைக்க வேண்டியது அந்த 1968ஆம் வருடத்தின் வரிசை: மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் மறுபடி போட்டியிடமாட்டேன் என்கிறார், ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்படுகிறார், ஜூனில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த செனட்டர் ராபர்ட் கென்னடி. நியூயார்க்கில் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் கென்னடியின் சவப்பெட்டி அருகே உட்கார்ந்து ஹேடன் அழுததைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கோடீஸ்வர செனட்டருக்காக அழுத தீவிரவாதி! அவருடைய தோழர்கள் சிலருக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் தேர்தல் வழியாகப் போரை நிறுத்தலாம் என்ற கடைசி நம்பிக்கை அந்தப் பெட்டிக்குள் போய்விட்டதாகத்தான் அவர் அப்போது நினைத்தார், ஆகஸ்டில் சிகாகோவில் அவர் காட்டிய கோபத்தை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கிராண்ட் பார்க் கூட்டத்தில் நண்பர் ரென்னி டேவிஸ் மண்டை உடைந்து விழுந்த பிறகு, ரத்தம் சிந்துவதானால் அது நகரம் முழுக்கச் சிந்தட்டும் என்று மைக்கில் பேசினார். கலவரத்துக்கு அழைப்பா, ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளாமல் சிதறிப் போங்கள் என்ற அழைப்பா? இன்று வரை வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை, இரண்டும் கலந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வன்முறையின் பெரும்பங்கு யாருடையது என்பதில் அந்த அளவு சந்தேகம் இல்லை. அரசே அமைத்த விசாரணைக் குழு அதைப் போலீஸ் கலவரம் என்று 1968 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. 1970 பிப்ரவரியில் ஐந்து பேருக்குக் கிடைத்த தண்டனையை 1972 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது, நீதிபதியின் ஒருசார்பு நடத்தை அதற்கான காரணங்களில் ஒன்று.

நீங்கள் கேட்ட மாற்றம் 1970க்கும் 1972க்கும் இடையில் நடந்தது என்பது என் கணிப்பு. ஆவணம் சொல்வது இவ்வளவு: மாணவர் அமைப்பு 1969இலேயே உடைந்து ஒரு துண்டு வெடிகுண்டு வழிக்குப் போனது; ஹேடன் பெர்க்லியில் ஒரு கூட்டுவாழ்வுக் குழுவில் சேர்ந்தார், அந்தக் குழுவே 1971இல் அவரை ஆதிக்க மனப்பான்மைக்காரர் என்று சொல்லி வெளியேற்றியது; அவர் தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு கொஞ்ச காலம் ஒதுங்கி இருந்தார். அங்கிருந்து திரும்பி வந்தவரின் பேச்சே வேறு மாதிரி இருந்தது. 1972இல் நடிகை ஜேன் ஃபோண்டாவோடு சேர்ந்து இந்தோசீன அமைதிப் பிரச்சாரம் என்ற அமைப்பைத் தொடங்கினார், மறுவருடம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இந்தப் பிரச்சாரம் பல்கலைக்கழக வாசலில் நிற்கவில்லை. ஒஹையோ, மிச்சிகன், இல்லினாய் என்று தொழிற்சாலை ஊர்களுக்குப் போனது, திருவிழாச் சந்தைகளில், தேவாலயக் கூடங்களில் படம் போட்டுக் காட்டிப் பேசியது. உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள், சைகோனில் இருந்த தென் வியட்நாம் அரசுக்குப் போகும் பணத்தை வெட்டச் சொல்லுங்கள், இதுதான் கோரிக்கை. புரட்சி என்ற சொல்லே அதில் கிடையாது.

1974இல் காங்கிரஸ் அந்த உதவித் தொகையை உண்மையிலேயே வெகுவாகக் குறைத்தது. அதில் ஹேடனுக்கு எவ்வளவு பங்கு? வாட்டர்கேட் ஊழலில் அதிபர் நிக்சன் விழுந்தார், எண்ணெய் விலை ஏறியது, மக்கள் போரால் சலித்திருந்தார்கள், இத்தனைக்கும் நடுவில் ஒரு பிரச்சாரத்தின் பங்கைப் பிரித்து எடைபோட வரலாற்றாய்வில் கருவி இல்லை. ஆனால் அவர் தானே கற்றுக்கொண்டது என்ன என்பது அடுத்து செய்ததிலிருந்து தெரிகிறது. 1976இல் கலிபோர்னியாவின் செனட்டர் ஜான் டன்னியை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுத் தேர்தலில் நின்றார். அறுபதுகளின் தீவிரம் எழுபதுகளின் பொதுப்புத்தி ஆகிறது என்பது அவருடைய பிரச்சார வாசகம். ஏறத்தாழ 37 சதவீத வாக்கு வாங்கித் தோற்றார். ஆறு வருடத்துக்கு முன் குற்றவாளிக் கூண்டில் இருந்தவருக்கு, பதவியில் இருக்கும் செனட்டருக்கு எதிராக, கட்சி வாக்காளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வாக்களித்தார்கள்.

தோற்றதும் அந்தப் பிரச்சாரத் தொண்டர்களையே வைத்துப் பொருளாதார ஜனநாயகத்துக்கான இயக்கம் ஒன்றை உருவாக்கினார். சூரிய ஆற்றல், வாடகைக் கட்டுப்பாடு, நச்சு ரசாயனம் இவைதான் அதன் வேலை. சாண்டா மோனிகா நகரில் 1979இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததிலும், 1981இல் வாடகைதாரர் அணி நகர மன்றத்தைப் பிடித்ததிலும் அந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு. அப்புறம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சிக் கூடமும் அதைத் தொடர்ந்து வந்த வீடியோவும் உலகம் முழுக்க விற்றதே, அந்தத் தொழிலைத் தொடங்கியதே இந்த இயக்கத்துக்குப் பணம் திரட்டத்தான். 1982இல் சாண்டா மோனிகாவைச் சுற்றிய தொகுதியில் ஹேடன் மாநிலக் கீழவைக்கு நின்றபோதும் அந்தப் பணம் பாய்ந்தது, ஒரு மாநிலத் தொகுதிக்கு அது அன்றைக்கு மிகப் பெரிய செலவு. பெரும் பணத்தின் ஆதிக்கத்தை எதிர்த்தவர் பெரும் பணத்தால் ஜெயித்தார் என்ற விமர்சனம் நியாயமானது, அதை மழுப்ப நான் தயாரில்லை.

விலை போனாரா என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்று சொல்ல வேண்டுமானால், நான் அந்த 1982 கோடையைத்தான் காட்டுவேன், கட்சியில் சேர்ந்ததை அல்ல. அந்தக் கோடையில் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்து பெய்ரூட்டை முற்றுகையிட்டிருந்தது. ஹேடனும் ஃபோண்டாவும் இஸ்ரேல் தரப்பின் அழைப்பில் அங்கே போனார்கள், பெய்ரூட்டைச் சூழ்ந்திருந்த படையினரோடு நின்றார்கள், படையெடுப்பை ஆதரிப்பதுபோலப் பேசினார்கள். லாஸ் ஏஞ்சலஸின் மேற்குப் பகுதியில் இஸ்ரேலை ஆதரிக்காமல் தேர்தலில் கரையேற முடியாது என்று உள்ளூர்க் கட்சிப் பெரும்புள்ளிகள் அவருக்கு உணர்த்தியிருந்தார்கள். இதை வேறு யாரும் துப்பறிந்து சொல்லவில்லை, 2006இல் மறுபடி லெபனான் போர் வந்தபோது ஹேடனே விரிவாக எழுதி, தன் அரசியல் வாழ்க்கையில் பெரிதும் வருந்தும் செயல் அது என்ற தொனியில் ஒப்புக்கொண்டார். இருபத்துநான்கு வருடம் கழித்து, பதவி ஏதும் இல்லாத காலத்தில் வந்த ஒப்புதல் அது. போரை எதிர்த்துப் பெயர் வாங்கிய மனிதர், தன் முதல் வெற்றிக்காக ஒரு போருக்குத் தலையாட்டினார். அவரை மதிப்பவன் என்பதால்தான் இதை நான் வகுப்பில் விடாமல் சொல்வேன்.

சட்டமன்றத்துக்குள் அவருக்கு ஒன்றும் வரவேற்பு இல்லை. குடியரசுக் கட்சியின் கில் ஃபெர்குசன் என்ற முன்னாள் படை அதிகாரி, போர்க்காலத்தில் எதிரிக்கு உதவியவர் என்று சொல்லி ஹேடனைப் பதவியிலிருந்து இறக்கத் தொடர்ந்து முயன்றார், 1986இல் அது அவையில் வாக்கெடுப்புக்கே போய்த் தோற்றது. அதே 1986இல்தான் அவருக்கு மிகப் பெரிய வெற்றியும் கிடைத்தது. கலிபோர்னியாவின் 65ஆம் முன்மொழிவு என்று ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருட்களில், இந்தப் பொருளில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் இருப்பதாகக் கலிபோர்னியா மாநிலம் அறிந்திருக்கிறது என்று சிறிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டியிருக்குமே, அந்த வாசகத்தின் மூலம் அதுதான். மக்கள் நேரடி வாக்கெடுப்பில் 63 சதவீதத்தோடு நிறைவேறியது. அதை எழுதியது சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள், ஹேடனும் அவர் இயக்கமும் அதைத் தெருவுக்குக் கொண்டுபோய் ஜெயிக்கவைத்தவர்களில் முக்கியமானவர்கள். நான்கு வருடம் கழித்து இன்னும் பெரிய சுற்றுச்சூழல் முன்மொழிவு ஒன்றைக் கொண்டுவந்தார், பூச்சிமருந்து முதல் காடு வரை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியது அது, பெரும் தோல்வி.

1992இல் மேலவைக்குப் போனார். அங்கே மொத்தமே 40 பேர், ஒரு தொகுதியின் மக்கள்தொகை அமெரிக்க காங்கிரஸ் தொகுதியைவிடப் பெரியது. இயற்கை வளக் குழுவின் தலைவராக இருந்தார். கட்சித் தலைமைக்கு அடங்காதவர், அதனால் நிறைய மசோதாக்கள் குழுவிலேயே செத்தன, தப்பியவற்றில் பல ஆளுநரின் மறுப்பில் விழுந்தன. நின்றவற்றைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கலிபோர்னியாவில் இன்றும் ஹேடன் சட்டம் என்று அதிகம் பேசப்படுவது 1998இல் வந்த விலங்குகள் காப்பகச் சட்டம். அதுவரை தெருவில் பிடித்த நாயை 72 மணி நேரம் வைத்திருந்துவிட்டுக் கொன்றுவிடலாம், அவர் சட்டம் அந்தக் கெடுவைப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வேலை நாட்களாக நீட்டியது, மீட்பு அமைப்பு கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்றது. 1999இல், இரண்டாம் உலகப் போரில் அடிமை உழைப்புக்கு ஆளானவர்கள் நிறுவனங்கள் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடரக் காலக்கெடுவை நீட்டினார், வெளியுறவு மாநில அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் அதைச் செல்லாது என்றது. 2000இல், அடிமை முறைக் காலத்தில் அடிமைகளின் உயிர்மீது முதலாளிகள் எடுத்த காப்பீட்டுப் பத்திரங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்ற சட்டம். இதைச் சிறிய விஷயம் என்று தள்ளாதீர்கள், இன்று அடிமை முறைக்கான ஈட்டுத்தொகை பற்றி அமெரிக்காவில் நடக்கும் விவாதத்தில் அந்தப் பத்திரங்கள் சான்றாக வருகின்றன.

அதற்குமேல் ஏற முடியவில்லை. 1994இல் ஆளுநர் பதவிக்கான கட்சித் தேர்வில் தோற்றார், 1997இல் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் தேர்தலில் ரிச்சர்டு ரியர்டனிடம் தோற்றார். பதவிக்கால வரம்புச் சட்டத்தால் 2000இல் மேலவையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மறுவருடம் நகர மன்றத் தேர்தலில் சில நூறு வாக்கில் போனது, அதோடு தேர்தல் முடிந்தது. பிறகு இராக் போரை எதிர்த்து எழுதினார், 2008இல் ஒபாமாவுக்கு முற்போக்காளர்களைத் திரட்டினார், 2016இல் அதிபர் வேட்பாளர் தேர்வில் பெர்னி சாண்டர்ஸை ஆதரித்துவிட்டுக் கலிபோர்னியா தேர்வுத் தேர்தல் நெருங்கும்போது ஹிலாரி கிளின்டனுக்கு மாறி இளைஞர்களிடம் திட்டு வாங்கினார். அந்த அக்டோபர் 23ஆம் தேதி சாண்டா மோனிகாவில் இறந்தார், வயது 76.

சிகாகோ வழக்கில் அவரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜெர்ரி ரூபின் பங்குச் சந்தைப் பக்கம் போய்த் தொழிலதிபர் ஆனார். ரென்னி டேவிஸ் இந்தியாவிலிருந்து வந்த பதின்ம வயது குரு மகராஜ் ஜியின் சீடரானார். ஆபி ஹாஃப்மன் பல வருடம் தலைமறைவாக இருந்தார். டெல்லிங்கர் சாகும்வரை மறியல்களில் உட்கார்ந்தார். ஜான் ஃப்ரோய்ன்ஸ் என்ற வேதியியலாளரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவர் மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்புத் துறையில் சேர்ந்து தொழிற்சாலைகளில் ஈயத்துக்கும் பஞ்சுத் தூசிக்கும் வரம்பு வகுத்தார், எத்தனையோ தொழிலாளர்களின் நுரையீரலைக் காப்பாற்றிய வேலை. இவர்களில் டெல்லிங்கர் மாறாதவர், அந்த உறுதிக்கு முன்னால் ஹேடன் வளைந்தவராகத்தான் தெரிவார். ஆனால் ஃப்ரோய்ன்ஸையும் ஹேடனையும் டெல்லிங்கரின் அளவுகோலால் மட்டும் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் மறியல் கேட்கும் ஒன்றை யாராவது உள்ளே உட்கார்ந்து விதியாக எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, அப்பாவோடு அவருக்கு இருந்த விரிசல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போர் எதிர்ப்பால் அப்பா பத்து வருடத்துக்கும் மேல் மகனோடு பேசவில்லை என்பதும், பின்னால் இருவரும் சமாதானமானார்கள் என்பதும் உண்மை. அந்த மௌனம் அவரைத் தேர்தல் அரசியலுக்குத் தள்ளியது, அப்பாவின் தலைமுறையிடம் ஏற்பு தேடித்தான் கோட் சூட் மாட்டினார் என்று சிலர் எழுதுவார்கள். ஒருவர் மனதுக்குள் போய் அப்படி முடிச்சுப் போட ஆவணம் எதுவும் இடம் தரவில்லை, நான் போடமாட்டேன். அவரைப் பற்றி மேலும் படிக்க விரும்பினால் போர்ட் ஹூரான் அறிக்கையின் முழு வாசகத்தை முதலில் படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீளமானது, சில பகுதிகள் பழசாகிவிட்டன, பல்கலைக்கழகங்களைப் பற்றிய பகுதி இன்னும் சூடாகவே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு 1999, 2000ஆம் வருடச் சட்டங்களைப் பாருங்கள். வேறு கேள்வி எழுந்தால் இங்கேயே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.